சிறைக்குப் பிறகான கதைகள்: கடைசிப் பத்து நிமிடம் எங்கே சறுக்குகிறது?

திரைக்கதை ஆள்:
வெளியே வந்தவன் சாவான், திரும்ப உள்ளே போவான், இல்லை கண்காணாத இடத்துக்குப் போய்விடுவான். நாம் பார்க்கும் முடிவுகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கும். எதை எடுத்தாலும், பழைய கூட்டாளி வந்து "கடைசியா ஒரே ஒரு வேலை" என்று கூப்பிட்டதால்தான் எல்லாம் நடந்தது என்றால் முடிவு நொண்டும். அவன் வராவிட்டால் கதையே இல்லையே!

அமெரிக்கக் கதை என்றால் பரோல் (அங்கே, தண்டனை முடியும் முன்பே கண்காணிப்பின் கீழ் வெளியே விடுவது) நிபந்தனைகளிலிருந்து முடிவைக் கட்டலாம். அனுமதியில்லாமல் எல்லை தாண்டக் கூடாது, குறித்த நாளில் அதிகாரி முன் நிற்க வேண்டும், தண்டனை பெற்ற பழைய ஆட்களோடு பழகக் கூடாது. இதில் ஒன்றை முதல் 20 நிமிடத்துக்குள் போகிற போக்கில் காட்டிவிடுங்கள். லாரி ஓட்டும் வேலை கிடைக்கிறது. ஒரு லோடு மாநில எல்லைக்கு அப்பால். அவன் திரும்ப உள்ளே போகப் புதுக் குற்றம் எதுவும் தேவைப்படாது.

எடிட்டர்:
சேர்த்துக்கொள்கிறேன் (முடிவுகளைச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் தாண்டிவிடுங்கள்). 'கார்லிட்டோஸ் வே' (1993) நாயகன் சுடப்படுவதில்தான் தொடங்குகிறது. சாவானா என்ற கேள்வி போய், யார் கையால் என்பது மட்டும் மிஞ்சுகிறது. சுடுபவன், நடுவில் நாயகன் கொல்லாமல் விட்ட சில்லறை ரவுடி. வன்முறையை விட நினைத்ததே வினையாகிறது. 'ஸ்ட்ரெய்ட் டைம்' (1978) இன்னும் கறார்: கடைசியில் நாயகனின் போலீஸ் புகைப்படங்கள் இளமையை நோக்கிப் பின்னோக்கிப் போகின்றன, வசனம் கிடையாது. இதன் மேல் ஒரு வாய்ஸ் ஓவர் வைத்துப் பாருங்கள், செத்துவிடும்.

'ஷாஷாங்க்' (1994) திரைக்கதை முதலில், பரோலில் வெளிவந்த ரெட் தன் சிறை நண்பனைத் தேடிப் பேருந்தில் போவதோடு நின்றது. இருவரும் கடற்கரையில் சந்திப்பது தயாரிப்புத் தரப்பு கேட்டுச் சேர்த்தது. என் ஓட்டு பேருந்துக்கே. ஆனால் அத்தனை வருடச் சுவர்களைப் பார்த்த கண்ணுக்கு அந்தத் திறந்த வெளி வேண்டியிருந்தது என்ற வாதத்தையும் தள்ள முடியவில்லை.

உதவி இயக்குநர்:
கதவு முன் நின்று யாராவது திறப்பார்கள் என்று காத்திருப்பது, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பது, தட்டை முழங்கையால் மறைத்து வேகமாகச் சாப்பிடுவது. இந்தச் சிறைப் பழக்கங்களை நடுப்பகுதியில் வைத்தால் அழகு. கடைசிக் காட்சியில் "இப்போது தானே கதவைத் திறந்தான்" என்று காட்டினால் கணக்கு சரிபார்த்த மாதிரி ஆகிவிடும்.

திரைக்கதை ஆள்:
இன்னொரு ஓட்டை. நிபந்தனை மீறினான், அடுத்த ஷாட்டில் சிறைக் கம்பி என்று வெட்டுகிறார்கள். 1972-இல் மோரிஸ்ஸி எதிர் புரூவர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பரோலை ரத்து செய்யும் முன் விசாரணை வேண்டும் என்றது: முதலில் பூர்வாங்க விசாரணை, பிறகு இறுதி விசாரணை. ஆனால் ஜூரி கிடையாது, குற்ற வழக்கின் அளவுக்கு நிரூபிக்க வேண்டியதும் இல்லை. துரத்தல் காட்சிக்குச் செலவழிப்பதை விட்டு இந்த விசாரணையை எடுங்கள். ஒரு அறை, ஒரு மேசை, அதிகாரியின் அறிக்கை, அவன் தரப்பில் பேச முதலாளி வந்தாரா இல்லையா.