ஹெராக்ளிஸ் இறுக்கிப் பிடித்திருக்கும் மீன்வால்காரர் யார்?

கேள்வி: ஆதென்ஸின் பழைய கருப்புருவ ஜாடிகளில் (செம்மண் நிறத்தின் மேல் கருப்பாக உருவம் வரைந்தவை) ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. தாடிக்காரர் ஒருவர், இடுப்புக்குக் கீழே நீண்ட மீன்வால். அவர் முதுகில் ஏறி, நெஞ்சைச் சுற்றிக் கைகளைக் கோத்து இறுக்குகிறார் கிரேக்கப் புராண வீரர் ஹெராக்ளிஸ். அந்த மீன்வால்காரரை நெரியஸ் என்கிறார்கள், ட்ரைட்டன் என்கிறார்கள், சிலர் புரோட்டியஸ் என்கிறார்கள்; மூவருமே கிரேக்கக் கடல் தெய்வங்கள். எதை வைத்து முடிவு செய்வது?

பதில் 1: புரோட்டியஸை முதலில் கழித்துவிடுங்கள். அவரைப் பிடிப்பது ஸ்பார்ட்டா அரசன் மெனலாஸ். ஹோமரின் ஒடிசி காவியத்தின் 4ஆம் காண்டத்தில் வருகிறது. எகிப்துக் கரைக்கு எதிரே ஃபாரோஸ் தீவில் மெனலாஸும் கூட்டாளிகள் 3 பேரும் கடல்நாய்த் தோலைப் போர்த்திக்கொண்டு கிடப்பார்கள். அந்த வீச்சம் தாங்காதே என்று புரோட்டியஸின் மகள் ஈடோதியா ஒவ்வொருவர் மூக்கடியிலும் அமுதம் வைப்பாள். உச்சிவேளையில் கிழவர் புரோட்டியஸ் தன் கடல்நாய் மந்தையை எண்ணிவிட்டுப் படுத்ததும் பாய்வார்கள். சிங்கம், பாம்பு, சிறுத்தை, பன்றி, தண்ணீர், மரம் என்று மாறினாலும் பிடியை விடக்கூடாது. ஜாடியில் சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளிஸ் பிடிக்கிறார் என்றால் அது இந்தக் கதை இல்லை.

பதில் 2: மீதி இருவரில்தான் குழப்பம். பெயர் எழுதியிருந்தால் அதுவே முடிவு. வலமிருந்து இடமாகவும் எழுதுவார்கள், கவனம். பெயர் இல்லையென்றால் காலத்தைப் பாருங்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நெரியஸுக்கும் மீன்வால் உண்டு. உடம்பிலிருந்து பாம்போ வேறு மிருகமோ முளைத்தால் உருமாறும் நெரியஸ்தான். நூற்றாண்டின் நடுவுக்குப் பிறகு அவர் பெரும்பாலும் காலுள்ள முதியவர். மீன்வால் ட்ரைட்டனுக்குப் போய்விடுகிறது. பொன் ஆப்பிள்கள் இருந்த ஹெஸ்பெரிடிஸ் தோட்டத்துக்கு வழி கேட்டு நெரியஸைப் பிடித்த கதை நூல்களில் இருக்கிறது. ட்ரைட்டனோடு மல்லுக்கட்டியதற்கோ படங்களும் சிற்பங்களும்தான் சாட்சி. அதனால்தான் கதையை மட்டும் படித்தவர்கள் எல்லாவற்றையும் நெரியஸ் என்று தவறாகச் சொல்லிவிடுகிறார்கள்.

கேட்டவர்: கையில் சங்கு இல்லையே, அப்போதும் ட்ரைட்டனா?

பதில் 2: ஆமாம். சங்கு ஊதும் ட்ரைட்டன் பிற்காலக் கலையில்தான் பரவலாக வருகிறார். பழைய ஜாடிகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம். வாலை வைத்து கடலரசன் பொசைடன் என்றும் நினைத்துவிடாதீர்கள். ட்ரைட்டனின் தந்தையான அவருக்கு முழு மனித உடல், கையில் திரிசூலம்.

பதில் 3: ட்ரைட்டன்களின் உடலமைப்பை நுணுக்கமாகப் பார்க்க கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸைப் படியுங்கள், கி.பி. 2ஆம் நூற்றாண்டு. கிரேக்க ஊரான தனாக்ராவில் தலையில்லாத ஒன்றையும் ரோமில் அதைவிடச் சிறிய ஒன்றையும் பார்த்ததாக எழுதுகிறார். இழை பிரிக்க முடியாத முடி, பொடிச் செதில், காதுக்குக் கீழே செவுள், மனித மூக்கு, அகன்ற வாயில் மிருகப் பல். விரல் நகங்கள் முள்சங்கின் ஓடு மாதிரி. காலுக்குப் பதில் ஓங்கில் (டால்ஃபின்) வால்.