சேஃப்டி வால்வு அவுட்லெட் பைப்பை கூரைக்கு மேல எப்படி எடுக்கறது?

பர்கூர்_பிளான்ட்:
கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி. மணிக்கு 3 டன் ஸ்டீம் தர்ற பாய்லர், வால்வு திறக்கற அழுத்தம் (செட் பிரஷர்) சதுர செ.மீ.க்கு 10.5 கிலோ. அழுத்தம் ஏறினா தானா திறந்து ஸ்டீமை வெளிய விடற சேஃப்டி வால்வு ரெண்டு. ஒவ்வொண்ணுக்கும் அவுட்லெட் 3 இஞ்ச், பிளேட்ல மணிக்கு 3000 கிலோ ஸ்டீம் வெளியேத்தும்னு இருக்கு. பிட்டர் ரெடியூசர் வெச்சு 2 இஞ்ச் பைப்பா குறைச்சு, ரெண்டு எல்போ போட்டு 4 மீட்டர் மேல கொண்டுபோய், கூரைத் தகட்டைத் தாங்கற பர்லின்லயே வெல்டு அடிச்சுட்டார். உச்சியில கூம்புத் தொப்பி. வால்வு தூக்கினா படபடன்னு அடிக்குது, அப்புறம் சரியா உக்காராம சொட்டிட்டே இருக்கு. வால்வை மாத்தணுமா?

ஸ்டீம்_லைன்:
வால்வை விடுங்க, பைப்பைப் பாருங்க. சாதாரண ஸ்பிரிங் வால்வுல, தூக்கும்போது அவுட்லெட்ல உருவாகற பின்னழுத்தம் செட் பிரஷர்ல 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உங்களுக்கு அது சுமார் 1 கிலோ. 3000 கிலோ ஸ்டீம் அந்த 2 இஞ்ச் பைப்புல போனா கிட்டத்தட்ட 3 கிலோ நிக்கும். வால்வு திறக்கும், பின்னழுத்தம் வால்வு வாயை அடைக்கற டிஸ்க்கைத் திருப்பி அழுத்தி மூடும், உடனே மறுபடி திறக்கும். படபடப்பு அதுதான். டிஸ்க் உக்கார்ற சீட் முகம் அடிபட்டா சொட்டத்தான் செய்யும். அந்த முகத்தைத் தேய்ச்சு சமமாக்கி (லேப்பிங்) பாருங்க.

இதே நீளத்துக்கு 3 இஞ்ச் போட்டா 0.6, 0.7 கிலோ. 4 இஞ்ச் போட்டா 0.2 பக்கம். அவுட்லெட்டை விடச் சின்னதா எப்பவுமே போகாதீங்க. கணக்கு வால்வு பிளேட்ல இருக்கற கொள்ளளவுக்குத்தான். பாய்லர் எவ்வளவு ஸ்டீம் தருதுங்கறதுக்கு இல்ல.

இன்னொரு கோளாறு அந்த வெல்டிங். பாய்லர் சூடாகி 3, 4 மிமீ மேல வரும். பைப்பும் மீட்டருக்கு 100 டிகிரிக்கு 1.2 மிமீ நீளும். ரெண்டு முனையும் இறுகிக் கிடந்தா அந்தத் தள்ளல் முழுக்க வால்வு உடம்புமேல விழும், சீட் கோணிப்போகும். ஸ்டீம் பாயும்போது எதிர்விசை வேற 40 கிலோ வரும். வால்வு அவுட்லெட்ல குட்டையா ஒரு எல்போ, அதுக்கு சொட்டுத் தண்ணியைப் பிடிக்கற டிரிப் பேன், அதுக்கு மேல தொடாம 6 இஞ்ச் ரைசர் (நேரா மேல போற பைப்). ரைசரோட எடை முழுசும் கட்டட ஸ்ட்ரக்சர்ல நிக்கணும், வால்வுல ஒரு கிலோகூட ஏறக்கூடாது. ரைசர் சின்னதா போனா டிரிப் பேன் இடைவெளி வழியா ஸ்டீம் கீழ வந்து ஆளைச் சுடும்.

பாலக்கோடு_மெயின்டனன்ஸ்:
மேல சொன்னது சரி. நான் தண்ணி வடியற டிரெயினைச் சேர்த்துச் சொல்றேன், நம்ம ஊர்ல மாங்கூழ் பாய்லருக்கு தேங்கற தண்ணிதான் பெரிய எதிரி. சீசன் முடிஞ்சு பாய்லர் படுத்திருக்கற நேரத்துலதான் ஐப்பசி, கார்த்திகை மழை. ரைசர் வழியா இறங்கற தண்ணி வால்வு உடம்புல மாசக்கணக்கா நின்னா டிஸ்க்கும் அதை நேரா நகர வைக்கற கைடும் துரு பிடிச்சு ஒட்டிக்கும். அடுத்த சீசன்ல செட் பிரஷர் வந்தும் வால்வு தூக்காது. தொப்பியால இது தீராது. ஸ்டீம் வெளிய போறதைத்தான் அது தடுக்கும். எடுத்துட்டு முனையை 45 டிகிரி சாய்வா வெட்டுங்க, ஆள் நடக்கற இடத்துக்கு மேல குறைஞ்சது 2.1 மீட்டர்.

வால்வு உடம்பு டிரெயின் பிளக்கைக் கழட்டி அரை இஞ்ச் பைப், டிரிப் பேனுக்குத் தனியா இன்னொண்ணு. ரெண்டையும் ஒண்ணா சேர்க்காதீங்க, எதுலயும் வால்வு போடாதீங்க. முனை கண்ணுக்குத் தெரியற இடத்துல இருக்கட்டும். கூடு கட்டற குளவி அதை அடைச்சுடும்.

பர்கூர்_பிளான்ட்:
நன்றிங்க. ரெண்டு வால்வையும் ஒரே ரைசர்ல விடலாமா?

ஸ்டீம்_லைன்:
தனித்தனியா விடுங்க சார். வேற வழியே இல்லன்னா, பொதுப் பைப்போட குறுக்குப் பரப்பு ரெண்டு அவுட்லெட்டும் சேர்ந்ததை விடக் குறையக்கூடாது. ரெண்டு 3 இஞ்சுக்கு 4 இஞ்ச் பத்தாது, 5 இஞ்சாவது வேணும். அப்பவும் ரெண்டும் ஒண்ணா தூக்கற நேரத்து பின்னழுத்தத்தைக் கணக்குப் போட்டுட்டுத்தான் வெல்டிங்குக்குப் போகணும்.