தாந்தேயின் உலிஸஸ் பேச்சு: சிசரோவா, வெர்ஜிலா?

மூன்று வாரமாக இத்தாலியக் கவி தாந்தேயின் 'தெய்வீக நாடகம்' காவியத்தில், நரகக் காண்டத்தின் 26ஆம் பாடலில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கிழட்டு மாலுமிகளைக் கிரேக்கப் புராண வீரன் உலிஸஸ் பேசியே மயக்கும் ஒன்பது வரிகள்தான் (112–120) சிக்கல். எடுத்த எடுப்பில் 'சகோதரர்களே' என்கிறான். தொடக்கத்திலேயே கேட்பவர் மனத்தை வளைப்பது பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோ சொன்ன உத்தி.

சிசரோவின் பேச்சுக்கலைப் பாடநூலின் ஒரு பகுதியை 1260ஐ ஒட்டி இத்தாலிய மொழிக்குக் கொண்டுவந்த புருனெத்தோ லத்தீனியோடு ஒப்பிட்டேன். (அவரையும் 15ஆம் பாடலில் தாந்தே நரகத்தில்தான் நிறுத்துகிறார், பாவம்!) பொருந்துகிறது. அப்புறம் ரோமானியக் கவி வெர்ஜிலைப் புரட்டினேன். அவருடைய ஈனியட் காவியம், முதல் காண்டம், 198ஆம் வரி: புயலில் நொந்தவர்களை நாயகன் ஈனியாஸ் 'தோழர்களே' என்று தேற்றுகிறான். அதுவும் பொருந்துகிறது. விளக்க உரைகளைப் படித்தும் தெளிவில்லை.

இந்த ஒன்பது வரிகளில் எந்தச் சொல்லை வைத்து, இது பாடநூல் உத்தியா வெர்ஜிலின் எதிரொலியா என்று பிரிப்பது?