விகடகவிக்கு 'இல்லை' என்கிறது என் ரிகர்ஷன்

கேள்வி
வணக்கம். பி.எஸ்சி. கணினி அறிவியல், இரண்டாமாண்டு. ஒரு சொல் எந்தப் பக்கம் வாசித்தாலும் ஒன்றுதானா என்று பைத்தானில் பார்க்க வேண்டும். ஃபார், வொயில் என்று லூப் எதுவும் போடக்கூடாது, ரிகர்ஷன்தான் என்று லேப் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். என் ஃபங்ஷன் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் ஒப்பிடும். ஒன்றாக இருந்தால் இரண்டையும் வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கொடுத்துத் தன்னையே மறுபடி கூப்பிடும். மிச்சம் ஒன்றோ சைபரோ ஆனால் 'ஆம்' என்று நிற்கும், அதுதான் பேஸ் கேஸ். மலையாளம் என்பதை ஆங்கில எழுத்தில் கொடுத்தால் 'ஆம்' வருகிறது. ஆசையாகத் தமிழில் 'விகடகவி' கொடுத்தேன். 'இல்லை' என்கிறது! தெனாலிராமனுக்கே இந்தக் கதியா? இரண்டு மணி நேரமாக பேஸ் கேஸையே முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் 1
தம்பி, பேஸ் கேஸ் பாவம், அதை விட்டுவிடுங்கள். லென் போட்டு நீளத்தைப் பாருங்கள். நமக்கு ஐந்து எழுத்து, பைத்தானுக்கு ஏழு. கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடில் 'வி' என்பது வ, அதன் பின்னால் தனியாக ஒரு இகரக் குறி. ஆக முதலில் நிற்பது வ, கடைசியில் நிற்பது குறி. முதல் ஒப்பீட்டிலேயே ஆட்டம் முடிந்தது. லூப் எழுதியிருந்தாலும் இதே கதைதான். முதலில் எழுத்துகளாகப் பிரித்து லிஸ்டில் போடுங்கள். யூனிகோட்டேட்டா மாட்யூலில் ஒன்றின் கேட்டகரி 'எம்' என்று தொடங்கினால் அது குறி, முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடுங்கள். புள்ளியும் இதில் அடங்கும். 'க்ஷ' மட்டும் இரண்டாக உடையும், இப்போதைக்கு அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

பதில் 2
கூடவே ஒன்று. வெட்டி வெட்டி அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு நகல் உருவாகும். இடது, வலது என்று இரண்டு எண்களை மட்டும் அனுப்புங்கள். பைத்தானில் ரிகர்ஷன் ஆழம், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் அழைப்புகளின் வரம்பு, வழக்கமாக 1000தான். ஒப்பிடும்போது ஒரு அழைப்பில் இரண்டு எழுத்து கழிவதால் கிட்டத்தட்ட 2000 எழுத்து வரை தாங்கும். பிரிப்பதையும் ரிகர்ஷனில் எழுதினால் ஒரு அழைப்புக்கு ஒன்றுதான் நகரும், அதுதான் முதலில் விழும். நானாக இருந்தால் பிரிக்க லூப்தான் போடுவேன். உங்கள் மேடத்திடம் சொல்லிவிடாதீர்கள்.

கேட்டவர்
நன்றி அண்ணா, இருவருக்கும். பிரித்ததும் ஐந்து எழுத்து, 'ஆம்' வந்துவிட்டது. 'தேருவருதே'யும் தேறிவிட்டது. 'மோரு போருமோ' மட்டும் அடம்பிடித்தது. அப்புறம்தான் பார்த்தேன், நடுவில் ஸ்பேஸ்.