புதுப்பிப்பு: 'டோட்டல் லாஸ்' ஆன கார், வாங்கவில்லை

மயிலாடுதுறையில் பாதி விலைக்கு வந்த 2019 மாடல் காரை வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டியதால் 'டோட்டல் லாஸ்' என்று கழிக்கப்பட்ட வண்டி. பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

"முன்பக்கம் லேசாக மோதியதுதான் அண்ணே" என்று தரகர் சாதித்தார். புதுச் சீட் உறை, போதாததற்கு ஊதுபத்தி வாசனை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை, கோடு கிழித்தாற்போல. டெல்டாக்காரனுக்கா வண்டல் தெரியாது? ஸ்டெப்னிப் பள்ளத்திலும் அதே மண். மோதியதல்ல, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி.

எதிர்பாராதது, எஞ்சின் அருமையாக ஓடியது. நான் கிட்டத்தட்ட மயங்கிவிட்டேன். கும்பகோணத்திலிருந்து அழைத்துப்போன மெக்கானிக்தான் தரைவிரிப்பைத் தூக்கி, பச்சை பூத்திருந்த ஒயர் இணைப்புகளைக் காட்டினார். சாவி போட்டதும் சில நொடி எரிந்து அணைய வேண்டிய ஏர்பேக் எச்சரிக்கை விளக்கும் எரியவே இல்லை, பல்பைக் கழற்றியிருக்கிறார்கள்.

மூன்றாம் நபர் காப்பீடு கிடைக்கும், சொந்தச் சேதத்துக்கு ஆய்வுக்குப் பிறகே சொல்ல முடியும் என்றார் முகவர்.

முன்பணம் 5,000 ரூபாயில் 3,000 வந்துவிட்டது. மீதிக்கு அலைந்துகொண்டிருக்கிறேன்.