கொள்ளு போடுவதை நிறுத்தியும் மட்டக்குதிரை இளைக்கவில்லை, என்ன செய்வது?

எலகங்காக்காரன்:
எங்கள் மட்டக்குதிரைக்கு 11 வயது, காயடித்தது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மைதானத்தை நான்கு சுற்று வந்தால் அன்றைய வேலை முடிந்தது. விலா எலும்பை விரலால் அழுத்தித் தேட வேண்டியிருக்கிறது. பிடரிக் கொழுப்பு மேடு கட்டி ஒரு பக்கம் சாய்கிறது. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதை நம்பித் தினமும் ஒரு கிலோ அவித்துப் போட்டவன் நான்! ஒரு மாதமாக அதை நிறுத்திவிட்டேன். காய்ந்த புல்லும் கால் கிலோ தவிடும்தான் தருகிறேன். இரண்டு நாள் பட்டினி போடலாமா?

லாடக்காரர்:
பட்டினி வேண்டவே வேண்டாம், தம்பி. கொழுத்த மட்டக்குதிரை வெறும் வயிற்றோடு கிடந்தால் கொழுப்பு இரத்தத்தில் பெருகி ஈரலைக் கெடுக்கும், உயிருக்கே ஆபத்து. முன்னங்கால் குளம்பு சூடாக இருக்கிறதா? கணுவின் பின்புறம் இரு பக்கமும் விரல் வைத்தால் நாடி பலமாக அடிக்கிறதா? அப்படியானால் குளம்பு அழற்சியாக இருக்கலாம். அன்றே மருத்துவரை அழையுங்கள்.

ஹெசரகட்டா அக்கா:
எடையை அளந்தீர்களா? மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் கிலோ வரும். அதில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு காய்ந்த புல் போதும். குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சர்க்கரை ஓரளவு குறையும். பெயரில் குதிரை இருக்கிறதே என்று குதிரைமசால் என்ற தீவனப் பயிரை வாங்கிவிடாதீர்கள். சரி, தீனி நேரம் தவிர அதற்குத் தின்னக் கையிலிருந்து என்னென்ன போகிறது?

எலகங்காக்காரன்:
சுற்றளவு 160, நீளம் 145. கிட்டத்தட்ட 312 கிலோ! புல் ஐந்து கிலோவுக்குள் முடிய வேண்டும் போலிருக்கிறது. கையிலிருந்து ஒன்றும் போவதில்லை, அக்கா.

ஹெசரகட்டா அக்கா:
ஞாயிற்றுக்கிழமை ஒளிந்திருந்து பாருங்கள்.

எலகங்காக்காரன்:
பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது. பை சரசரத்ததும் காதுகளை முன்னே நிமிர்த்தி, மேலுதட்டை நீட்டிக்கொண்டு வேலிக்கே வந்துவிட்டது. பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகள் பதினான்கு கேரட், என் மாமியார் நெய் தடவிய சப்பாத்தி இரண்டு. காவலாளியின் சட்டைப் பை எச்சிலில் நனைந்திருந்தது. உள்ளே அச்சு வெல்லம். நான் கொள்ளை நிறுத்திய நாளிலிருந்து "பாவம், பட்டினி கிடக்கிறது" என்று கூடுதலாகக் கொடுத்தாராம்.

ஹெசரகட்டா அக்கா:
வெல்லத்தையும் சப்பாத்தியையும் அடியோடு நிறுத்துங்கள். கொடுக்கும் ஆசையை நிறுத்த முடியாது, அதனால் வேலியில் ஒரே ஒரு டப்பா தொங்கவிடுங்கள். அன்றைய பங்குப் புல்லிலிருந்தே ஒரு பிடி, நீளவாக்கில் மெல்லியதாக நறுக்கிய கேரட் ஒன்று. காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். வட்டமாக நறுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

எலகங்காக்காரன்:
டப்பா மாட்டிவிட்டேன். வெல்லம் இல்லாததால் குதிரை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று காவலாளிக்கு வருத்தம்.

லாடக்காரர்:
பிடரி முடியும் இடத்தில் நகத்தால் சொறியச் சொல்லுங்கள், சுகத்தில் உதடு கோணும். நாடி பார்த்தீர்களா, இல்லையா?

எலகங்காக்காரன்:
இடது முன்னங்காலில் சற்றுப் பலமாகத்தான் அடிக்கிறது. சவாரியை நிறுத்திவிட்டேன். மருத்துவர் இன்று மாலை வருகிறார்.