கற்பனை உலக வரைபடம்: ஃபோட்டோஷாப்புக்குப் பதில் எது, எந்த வேலைக்கு?

கடற்கரைக் கோட்டுக்கு கிம்ப் (இலவசப் பட எடிட்டர்) போதும். மெனுவில் ஃபில்டர்ஸ், ரெண்டர், நாய்ஸ், சாலிட் நாய்ஸ் என்று போனால் மேகம் போன்ற சாம்பல் வடிவம் வரும். டீடெயில் 15, எக்ஸ், ஒய் இரண்டும் 4. ஓரங்களில் பெரிய மென்பிரஷ்ஷால் கறுப்பு பூசிவிட்டு கலர்ஸ் மெனுவில் த்ரெஷோல்டு போடுங்கள்: படம் வெறும் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை நிலம், கறுப்பு கடல். பூசாவிட்டால் கண்டம் தாளைத் தாண்டி ஓடும். ஸ்லைடரை நகர்த்த நகர்த்தத் தீவுகள் முளைக்கும், மூழ்கும். பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். த்ரெஷோல்டில் இடைச் சாம்பல் கிடையாது, அதனால் கரை பல்பல்லாக வரும். இரண்டு மடங்கு அளவில் செய்து பாதியாகச் சுருக்கினால் சரியாகிவிடும்.

—

கரைக்கு சரி சகோ, மலை வரைய கிம்ப் பக்கம் போகாதீர்கள். கிரிட்டாதான், அது ஓவியம் வரைவதற்கான இலவச மென்பொருள். ஆனால் ஒரு சிக்கல் எல்லோரையும் படுத்தும்: முன்மலைக்குள் பின்மலையின் கோடு தெரியும். பிரஷ் டிப் (முத்திரை போலப் பதியும் மலைப் படம்) ஆல்ஃபா மாஸ்க் முறையில் இருப்பதே காரணம். அந்த முறையில் வெள்ளை என்றால் ஒன்றுமில்லை, வெறும் ஓட்டை. மலையின் உட்புறத்தைத் தாள் நிறத்தில் நிரப்பி, வெளிப்புறத்தை டிரான்ஸ்பரென்ட்டாக விட்டு பிஎன்ஜியாகச் சேமியுங்கள். பிரஷ் எடிட்டரில் கலர் இமேஜ் முறைக்கு மாற்றுங்கள். ஒபாசிட்டியில் பென் பிரஷரை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மறுபடி ஊடே தெரியும். ஸ்பேசிங் (ஒரு பதிவுக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி) 0.8 முதல் 1 வரை, 0.1-ல் விட்டால் மலைத்தொடர் சேறாகிவிடும். வடக்கு வரிசையை முதலில் வையுங்கள், பிறகு தெற்கே இறங்குங்கள்.

ஏ3, 300 டிபிஐ என்றால் 4961 × 3508 பிக்சல். முழுக்க நிரம்பிய ஒரு லேயர் 8 பிட் நிற ஆழத்தில் சுமார் 70 எம்பி, 16 பிட்டில் அதற்கு இரட்டிப்பு. கோட்டோவியத்துக்கு 16 பிட் தண்டம். பம்ப் மேப் (உயரத்தைச் சாம்பல் அளவாகக் காட்டும் படம்) வைத்து மலைநிழல் எடுப்பவர்களுக்கு மட்டும் தேவை: 8 பிட்டில் 256 உயரப்படிகள்தான், சரிவு படிக்கட்டாகத் தெரியும்.

—

ஊர், ஆற்றுப் பெயர்களை கிம்ப், கிரிட்டா இரண்டிலும் எழுத வேண்டாம். படத்தை பிஎன்ஜியாக எடுத்து இங்க்ஸ்கேப்பில் (இலவச வெக்டர் வரைகலை மென்பொருள்) லிங்க் செய்யுங்கள், அதாவது உள்ளே பதிக்காமல் கோப்பை இணைத்து மட்டும் வையுங்கள். ஆற்றின் மேல் ஒரு வளைவு போட்டு, அதையும் பெயரையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து டெக்ஸ்ட் மெனுவில் புட் ஆன் பாத். வளைவு கண்ணுக்குத் தெரியாமலிருக்க அதன் ஸ்ட்ரோக்கை (கோட்டு நிறத்தை) எடுத்தால் போதும். வளைவையே அழித்துவிடாதீர்கள், பெயர் அதை நம்பித்தான் நிற்கிறது. காட்டுக்கு மேலும் பெயர் படிக்கும்படி இருக்க, தாள் நிறத்தில் தடித்த ஸ்ட்ரோக் கொடுத்து, ஆர்டரில் அதை ஃபில்லுக்கு (எழுத்தின் உள்நிறத்துக்கு) அடியில் தள்ளுங்கள். லிங்க் செய்த பிஎன்ஜியை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் படம் காணாமல் போகும்.